பனிக்காலம் முழுக்க வெட்டவெளியில்: பழைய காரை நிறுத்தி வைக்க ஒரு வழிகாட்டி

கராஜ் இல்லை. வாடகைக்கும் இடம் அமையவில்லை. பனிக்காலமோ வாசலுக்கு வந்துவிட்டது. பழைய கார் வாங்கிய முதல் வருடத்தில் பலரும் இந்த நிலைமையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பயப்பட வேண்டாம். சரியாகத் தயார்செய்தால், வெட்டவெளியில் கிடக்கும் காரும் நான்கைந்து மாதப் பனியைத் தாங்கிவிடும். அதற்கான வேலை ஒரு வார இறுதியை முழுதாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டத் தொடங்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய காரைத் தின்பது குளிர் என்று நினைக்கிறோம். உண்மையில் தின்பது ஈரம். துருப்பிடிக்கத் தண்ணீர் திரவமாக இருக்க வேண்டும். கெட்டியாக உறைந்த நாட்களில், காய்ந்த காற்றில், இரும்புக்குப் பெரிதாக எதுவும் ஆவதில்லை. ஆபத்து எல்லாம் உறைந்து, உருகி, மறுபடி உறைகிற நாட்களில்தான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த உலோகத்தின் மேல் காலையில் கொஞ்சம் வெதுவெதுப்பான, ஈரமான காற்று படும்போது, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய சொம்புக்கு வியர்ப்பதுபோலக் காருக்கும் வியர்க்கும். கதவுக்குள்ளே, பிரேக் டிரம்முக்குள்ளே, காலி பெட்ரோல் டேங்குக்குள்ளே என்று நம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் எல்லாம் வியர்க்கும். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்ற கனமான பாகங்கள் சூடேற நேரம் எடுப்பதால் அவை மற்றவற்றைவிட நெடுநேரம் ஈரமாகவே இருக்கும்.

இதில் உப்பும் சேர்ந்தால் கதை கந்தல். சாதாரண உப்பு கரைந்த தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாமல் இருக்கும். சாலையில் தெளிக்கும் கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும் இன்னும் மோசம். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தம்மிடமே வைத்துக்கொள்ளும். கீழே படிந்த அந்தப் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் காயாது.

ஆகவே யார் எந்த யோசனை சொன்னாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது ஈரத்தை உள்ளே பிடித்துவைக்குமா, வெளியே போக விடுமா? கவர், தரை, இன்ஜினை அவ்வப்போது ஓடவிடுவது என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வி போதும்.

இடம் பார்ப்பது

புல்தரை வேண்டவே வேண்டாம். மண்ணிலிருந்து ஈரம் மேலே வந்துகொண்டே இருக்கும், அது நேராகக் காரின் அடிவயிற்றில்தான் போய் ஒட்டும். சிமெண்ட் தளம் நல்லது. தண்ணீர் வடியும் ஜல்லித் தரையும் நல்லதே. மண்தரை தவிர வேறு வழியில்லை என்றால், கனமான பாலிதீன் ஷீட்டை விரித்து அதன்மேல் ஜல்லி பரப்பி, சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு நிறுத்துங்கள். ஷீட்டை வெறுமனே விரித்து விட்டுவிட்டால் அதில் தண்ணீர் தேங்கிக் குளமாகும்.

மரத்தடி ஆகாது. பனிப் பாரத்தில் கிளை முறியும், பிசினும் சொட்டும். சரிவான கூரையின் ஓரமும் ஆகாது. வெயில் பட்டதும் கூரைப்பனி மொத்தமாகச் சரிந்து பானட்டின் மேல் விழும். பனி அள்ளும் வண்டி எந்தப் பக்கம் பனியை ஒதுக்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பனிக்குவியல் முழுக்க உப்புதான்.

கடைசி ஓட்டத்துக்கு முன்: எண்ணெயும் திரவங்களும்

நிறுத்துவதற்கு முன் ஒரு கடைசி ஓட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே திரவங்களை எல்லாம் மாற்றிவிட்டால், தண்ணீர் உறையாமல் காக்கும் புது ஆன்டிஃப்ரீஸ் கலப்பது, பெட்ரோல் கெடாமல் காக்கும் மருந்து கார்புரேட்டர் வரை போய்ச் சேர்வது, கழுவிய கார் காய்வது என்று மூன்று வேலையும் அந்த ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.

இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். வசந்தத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பலரது வழக்கம். ஓடிப் பழகிய ஆயிலில் எரிபொருளின் கழிவும் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கும். அது பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். இந்த ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டால் இன்ஜினையே இழக்க நேரிடும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பு பிளாக்கே வெடித்துவிடும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் தெறித்து பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அவை வார்ப்பின்போது உள்ளே இருந்த மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டைகளை அடைப்பதற்கு வைத்தவை. சில நேரம் தெறிக்கும், சில நேரம் தெறிக்காது. அதை நம்பி இன்ஜினைப் பணயம் வைக்க முடியாது.

எத்திலீன் கிளைகால் ஆன்டிஃப்ரீஸும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அதைவிடக் கடுங்குளிர் என்றால் 60 சதவீதம் வரை போகலாம். முழுக்க ஆன்டிஃப்ரீஸையே ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். நேர்மாறாக, தண்ணீர் கலக்காத கிளைகால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். ஊற்றுவதற்குக் குழாய்த் தண்ணீரை விட்டு, வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். கலவை சரியா என்பதை அளவி வைத்துப் பாருங்கள். மிதவைக் குண்டு போட்ட சிறிய ஹைட்ரோமீட்டர் போதும், அது மலிவாகவே கிடைக்கும்.

எந்த ஆன்டிஃப்ரீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். பழைய ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளையால் ஆனவை, ஈயம் வைத்துப் பற்றவைத்தவை. அவற்றுக்கு சிலிகேட் கலந்த பழைய வகைதான் பாதுகாப்பு. நெடுநாள் உழைக்கும் புதுவகைத் திரவங்கள் சில, ஈயப் பற்றையும் பழைய ரப்பர் சீல்களையும் பதம் பார்த்துவிடும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பாளர் இஷ்டத்துக்குச் சேர்க்கும் சாயம். லேபிளில் உள்ள வகையைப் படித்து வாங்குங்கள். பழைய வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும், ஏனென்றால் உறையாத தன்மை போகும் முன்பே துருவைத் தடுக்கும் தன்மை போய்விடும். கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். கிளைகால் இனிப்பாக இருக்கும். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான்.

தண்ணீரை முழுக்க வடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஹீட்டருக்குள்ளும் பிளாக்கின் அடி மூலையிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். தண்ணீர் வடிந்து காலியான உள்சுவரோ காற்றுப் பட்டுத் துருப்பிடிக்கும். வடிப்பதைவிட நல்ல கலவையை நிரப்பி வைப்பதே மேல். ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பழைய ஃபியட் 500, சிட்ரோயன் 2சிவி போன்ற காற்றால் குளிரும் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. கண்ணாடி துடைக்கும் தண்ணீர்த் தொட்டியை மட்டும் காலி செய்தால் போதும். அந்தத் தொட்டியை மற்றவர்களும் மறக்க வேண்டாம்.

பெட்ரோல் டேங்கை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள், விரிவடைவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு. டேங்கில் காலியிடம் அதிகமானால் அங்கே வியர்வையும் அதிகம். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கிடைக்காவிட்டால் குறைவாகக் கலந்ததை வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஓரளவுக்கு மேல் உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊறிப்போகும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றிய பிறகு, குறைந்தது பத்து நிமிடமாவது ஓட்ட வேண்டும். அப்போதுதான் அது கார்புரேட்டர் வரை போகும். மருந்தை டேங்கில் ஊற்றிவிட்டு வண்டியை அப்படியே நிறுத்துவதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் பிசின் கட்டுவது கார்புரேட்டரின் நுண்துளைகளில்தான். டீசல் வண்டி என்றால் கோடைக்கால டீசலோடு நிறுத்தாதீர்கள். அதிலிருக்கும் மெழுகு குளிரில் கட்டிதட்டிவிடும்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டுமே ஈரத்தைக் குடிக்கும். புதிய டாட் 4 கொதிக்க 230 டிகிரிக்குக் குறையாமல் தேவை. ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். அந்த ஈரமே வீல் சிலிண்டரையும் உள்ளிருந்து அரிக்கும்.

கழுவுவதும் காயவைப்பதும்

மேலே பளபளவென்று கழுவிவிட்டு அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது புதியவர்களின் வாடிக்கை. நாம் செய்ய வேண்டியது தலைகீழ். முதல் வேலை அடியில்தான். சக்கர வளைவின் உள்மடிப்பு, சேசிஸின் மேல்விளிம்பு, ஸ்பிரிங் உட்காரும் இடம், பம்பருக்குப் பின்புறம் என்று சேறு தங்கும் மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்த சேறு என்பது உண்மையில் ஈரம் தேக்கும் பஞ்சு. அழுத்தம் மிக அதிகமான பம்பை பேரிங், ரப்பர் உறை, வயர் இணைப்பு பக்கம் நேராக அடிக்க வேண்டாம்.

அடுத்து வடிகால் துளைகள். கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். வளையும் நைலான் குச்சியையோ கேபிள் டையையோ உள்ளே விட்டு மெதுவாகத் திருப்புங்கள். கறுத்த சேறும் மக்கிய இலையும் வரும், துருச்செதில்கள் இரண்டொன்றும் வந்து விழும். பிறகு ஜன்னல் கண்ணாடியின் வெளி ரப்பர் ஓரமாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கீழே உடனே ஒழுகினால் சரி. நின்று நிதானித்துச் சொட்டினால் இன்னும் அடைப்பு இருக்கிறது. கதவு, வாசல்படிக்குக் கீழுள்ள பெட்டி, விண்ட்ஷீல்டுக்கு முன்னால் காற்று உள்ளே போகும் பள்ளம், சன்ரூஃப் இருந்தால் அதன் குழாய்கள் என்று எல்லாவற்றிலும் இந்தச் சோதனை தேவை. பழைய காரின் கதவு அடியில் துருப்பிடிப்பது பெரும்பாலும் உள்ளிருந்துதான் தொடங்குகிறது. இந்த அரைமணி நேர வேலை பின்னால் வரக்கூடிய வெல்டிங் செலவை மிச்சப்படுத்தும்.

கழுவியதும் காய்ந்த சாலையில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். நடுவில் சில முறை நன்றாக பிரேக் பிடித்தால் டிரம்மும் டிஸ்க்கும் காயும். சொன்ன அந்தக் கடைசி ஓட்டம் இதுதான். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு பானட், டிக்கி, கதவுகள் எல்லாவற்றையும் திறந்துபோடுங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகு பெயின்ட்டுக்கு நல்ல மெழுகு பூசுங்கள். குரோமுக்குத் தாராளமாகவே பூசலாம். கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரிந்தாலும் குரோம் பூச்சில் நுண்ணிய துளைகளும் விரிசல்களும் உண்டு, ஈரம் அவற்றின் வழியே அடியில் உள்ள உலோகத்தைத் தொடும். மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் குழாய் வைத்துக் கேவிட்டி வாக்ஸ் அடிக்கலாம். அடிப்பக்கத்துக்கு லனோலின் கலந்த எண்ணெய் நல்லது. பிரேக், சைலன்சர் இரண்டின் மேலும் படக்கூடாது. துருவின் மேல் கெட்டியான தார்ப்பூச்சு அடித்து மூடிவிடுவது மட்டும் வேண்டாம். நாளடைவில் அதில் விரிசல் விழும், விரிசல் வழியே போன தண்ணீர் வெளியே வராது. கதவு ரப்பர்களில் சிலிகான் கிரீஸ் தடவினால் பனியில் ஒட்டிக்கொள்ளாது.

நிறுத்துவது: பிரேக், டயர், பேட்டரி

ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிளும் உறைந்து இறுகும். கியரில் விட்டு, சக்கரத்தின் இருபுறமும் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலையில் விட்டாலும் கட்டை தேவை.

டயரில் வழக்கத்தைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காற்றடியுங்கள், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும், ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வாக்கில். 20 டிகிரியில் 30 பிஎஸ்ஐ இருந்த டயர் மைனஸ் 15ல் 24, 25ல் நிற்கும். அந்த நிலையில் மாதக்கணக்கில் நின்றால் தரையில் படும் பகுதி தட்டையாகிவிடும். கூடுதலாக அடித்திருப்பதை ஒரு அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள். அந்த அட்டைக்கு இன்னொரு வேலையும் வரப்போகிறது.

காரை ஸ்டாண்டில் தூக்கி வைக்கச் சொல்வார்கள். கராஜுக்குள் சரி. வெளியில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தரை உறைந்து உருகும்போது ஸ்டாண்ட் ஒரு பக்கம் இறங்கினால் கார் சாயும், அடியில் யாராவது இருந்தால் உயிருக்கே ஆபத்து.

பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்விடுவதே சிறந்தது. முழுக்க சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50க்கும் கீழே போனால்தான் உறையும். தீர்ந்துபோன பேட்டரியில் இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர், அது பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் 12.6 முதல் 12.7 வரை காட்ட வேண்டும். 12.4க்கு வந்தால் சார்ஜ் போட வேண்டும். பழைய 6 வோல்ட் பேட்டரி என்றால் 6.3 எதிர்பார்க்கலாம், சார்ஜரும் 6 வோல்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சார்ஜ் போடும் இடத்தில் காற்றோட்டம் தேவை. உறைந்த பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜ் போடாதீர்கள்.

கழற்றும்போது பாடியோடு இணைந்த எர்த் வயரை முதலில் எடுக்க வேண்டும். அது நெகட்டிவ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்துவிட வேண்டாம். 1960களின் பிற்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பேச்சு இன்றும் ஓய்ந்தபாடில்லை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டி பேட்டரிகளுக்கு அது பொருந்தாது.

உள்ளே: ஈரமும் எலியும்

தரைவிரிப்பைத் தூக்கி அடியில் கைவைத்துப் பாருங்கள். ஈரமிருந்தால் கழற்றி வீட்டுக்குள் காயவையுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள பஞ்சு ஊறிக்கிடக்கும். தோல் சீட்டுக்கு கண்டிஷனர் பூசுங்கள். கன்வெர்ட்டிபிள் என்றால் மேற்கூரையை ஏற்றி இழுத்துப் பூட்டிவிடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலைக் கடுங்குளிரில் மடித்தால் கண்ணாடிபோல உடைந்துவிடும்.

ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடுவதா என்பது தீராத விவாதம். என் கணக்கு இது: மேலே கூரை இருந்தால் ஒரு விரல் அளவு திறந்து வலை வைக்கலாம். கவர் மட்டும்தான் என்றால் மூடிவிடுவதே நல்லது, திறந்திருந்தால் காற்று அடிக்கும் திசையிலிருந்து பொடிப்பனி எப்படியும் உள்ளே நுழைந்துவிடும். மூடிய காருக்குள் சிலிகா ஜெல் பைகள் வைக்கலாம். ஈரம் ஏறினால் ஓவன் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் நன்றாகவே ஈரம் இழுக்கும். ஆனால் அதில் சேரும் திரவம் அப்பட்டமான உப்புக்கரைசல். டப்பா சாய்ந்தால் கார் தரையிலேயே துரு. காருக்குள் அதை வைக்க எனக்கு மனம் வராது.

எலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். சீட்டின் பஞ்சில் கூடு கட்டும், வயரின் உறையைக் கடிக்கும், ஏர் ஃபில்டருக்குள் குடித்தனம் நடத்தும். காரில் தின்பண்டத் துணுக்குகூட இருக்கக்கூடாது. சைலன்சர் வாயையும் காற்று உள்ளே போகும் குழாயையும் செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் வலையால் அடையுங்கள். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்துக் கறை விடும். எந்தெந்தத் துளையை அடைத்தீர்கள் என்பதை ஸ்டீயரிங்கில் தொங்கும் அந்த அட்டையிலேயே எழுதுங்கள். புதினா எண்ணெய், நாப்தலீன் உருண்டை எல்லாம் எலியை விரட்டுவதைவிட உங்களைத்தான் அதிகம் விரட்டும். அந்த வாசனை சீட்டை விட்டுப் போகவே போகாது. பொறி வைப்பது பலன் தரும்.

கவர்: பணம் செலவழிக்க வேண்டிய இடம்

நீல நிறத் தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டிவிடுவதைவிட, காரை மூடாமலே விட்டுவிடலாம். குளிர்ந்த ஒரு காலையில் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி உட்புறம் பாருங்கள். முத்து முத்தாக நீர்த்துளிகள் வரிசைகட்டி நிற்கும், விரலால் தட்டினால் மழைபோலக் கொட்டும். தரையிலிருந்து எழுந்த ஈரம் போக வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டது. காற்றடித்தால் தார்ப்பாய் படபடக்கும், இடையில் புகுந்த மணல் பெயின்ட்டைத் தேய்த்தே எடுத்துவிடும்.

வெளியில் போடுவதற்கென்றே, உங்கள் காரின் அளவுக்குத் தைத்த, நீராவியை வெளியே விடும் பல அடுக்குக் கவர் வாங்குங்கள். உட்புறம் மென்மையாக இருக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் கட்டும் பட்டைகள் அவசியம். இரண்டுக்குக் குறைந்தால் பெருங்காற்றுக்குத் தாங்காது. பம்பர் முனை, கண்ணாடி, ஏரியல் இருக்கும் இடங்களில் பழைய துண்டைச் சுற்றிவிட்டுப் போட்டால் கவரும் கிழியாது, பெயின்ட்டும் போகாது. ஏரியலைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். அழுக்கான காரின் மேலோ ஈரமான காரின் மேலோ கவர் போடவே கூடாது. கவர் உறைந்து பாடியோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். வெயில் படும்வரை காத்திருங்கள்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால், நான்கு பக்கமும் திறந்த கூரை ஒன்றை அமைத்து, அதற்குக் கீழே கவர் போட்ட காரை நிறுத்துவதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மேலே பனி விழாது, பக்கத்தில் காற்று ஓடும். பக்கங்களையும் மூடிய கூடாரம் பார்க்க கராஜ் மாதிரி இருக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அதுவும் பெரிய அளவிலான தார்ப்பாய்தான். கூடாரம் வைத்தால் மேலே திறப்பு விட்டு, கால்களை நிலத்தில் உறுதியாக ஊன்றுங்கள்.

கூரையின் பலத்தை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மீட்டருக்கு ஆறு மீட்டர் கூரை என்று வைத்துக்கொள்வோம். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு சுமார் 100 கிலோ இருந்தால், ஓரடி உயரத்துக்குக் குவிந்த பனி மொத்தம் 540 கிலோ. அதே உயரத்துக்கு நனைந்து கெட்டிப்பட்ட பனி, கன மீட்டருக்கு 300 கிலோ இருந்தால், மொத்தம் 1,600 கிலோவைத் தாண்டும். ஒரு காரின் மேல் இன்னொரு காரைத் தொங்கவிடுவதற்குச் சமம். மழையும் பனியும் கலந்து பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னால், முந்தின நாளே கூரைப்பனியைத் தள்ளிவிடுங்கள். காரின் மேல் விழுந்த பனிக்கு மென்மையான துடைப்பம் போதும், மண்வாரி பக்கமே போகாதீர்கள்.

பனிக்காலத்தின் நடுவே

வாரம் ஒருமுறை இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிடுவது நல்லது என்று பலரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகும். இன்ஜின் நன்றாகச் சூடாகும் முன் அணைத்துவிட்டால் அந்த நீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். சோக் இழுத்து ஓடும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். புது ஆயில் ஊற்றி, காயவைத்து, துளையடைத்து நாம் செய்த வேலை எல்லாம் வீண். நிறுத்தினால் நிறுத்தியதாகவே இருக்கட்டும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் உப்பில்லாத, காய்ந்த சாலையில் முப்பது நாற்பது நிமிடமாவது ஓட்டுங்கள்.

அதற்குப் பதிலாக மாதம் ஒருமுறை, வெயிலடிக்கும் காய்ந்த நாளாகப் பார்த்து கவரை எடுங்கள். கதவுகளை ஒரு மணி நேரம் திறந்துவையுங்கள். காரை அரைச்சுற்று முன்னே தள்ளிவிட்டால் டயரின் வேறு பகுதி தரையில் படும். கிளட்ச், பிரேக் பெடல்களைச் சில முறை மிதியுங்கள், கிளட்ச் தட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும். எலிப் புழுக்கை தெரிகிறதா, அடியில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பீட்டை மறக்க வேண்டாம். ஓட்டாத காலத்துக்கு மலிவான திட்டம் இருக்கலாம், ஆனால் திருட்டு, தீ, மரம் விழுவது ஆகியவற்றுக்கான காப்பு தொடர வேண்டும். பாலிசியில் கார் கராஜில் நிற்கிறது என்று எழுதியிருந்தால், வெளியில் நிற்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். இல்லையேல் இழப்பீடு கேட்கும் நேரத்தில் சிக்கல். ஓடாத வண்டியைப் பதிவு நீக்குவதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எழுப்புவது

முதல் வெயிலைப் பார்த்ததும் சாவியோடு ஓட வேண்டாம். இரண்டு மூன்று நல்ல மழை பெய்து சாலையிலுள்ள உப்பு கழுவிப்போகட்டும்.

முதலில் அட்டையைப் படியுங்கள். அடைத்த வலைகளை எல்லாம் எடுத்து, டயர் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து கூடு இருக்கிறதா பாருங்கள். ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவைச் சரிபார்த்து, பெட்ரோல் குழாய்களை விரலால் அழுத்துங்கள். கல்போல இறுகியிருந்தாலும், வெடிப்பு தெரிந்தாலும் மாற்றுங்கள். பேட்டரியை மாட்டும்போது எர்த் வயர் கடைசி.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சில சொட்டு ஆயில் விடுங்கள். பிளக்குக்குப் பொறி தரும் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். காய்ந்திருக்கும் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் நெருப்பு. பிளக்கை மாட்டி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது பானட்டுக்குள் பெட்ரோல் கசிகிறதா என்று ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். நான்கைந்து மாதம் காய்ந்துகிடந்த வாஷர்கள் அழுத்தம் ஏறிய பிறகுதான் ஒழுகத் தொடங்கும்.

கிளட்ச் விடவில்லை என்றால் அடிதடி வேண்டாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கினாலே பல நேரம் விட்டுவிடும். பிரேக் பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் பிடித்துப் பாருங்கள். டிஸ்க்கில் படிந்த செந்துரு முதல் சில பிடிகளில் போய்விடும். அதற்குப் பிறகும் ஒரு பக்கம் இழுத்தால் வீல் சிலிண்டரோ காலிப்பரோ இறுகியிருக்கிறது, சாலைக்கு எடுக்காதீர்கள்.

ஓடத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு இருக்கும். டயர் தட்டையானதால் வருவது அது. டயர் சூடேறி இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் டயர் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு எண்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. மூன்று எண்கள் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தையது. பத்து வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.